பூசை மாடத்தில் இருந்த வெள்ளிப் பதக்கம்: யார் இந்தத் துரை?

கல்லிடை மருமகள் | கல்லிடைக்குறிச்சி

வணக்கம். பழங்காசு பற்றி இங்கே நடக்கும் பேச்சுகளை வெகுநாளாகப் படித்துவருகிறேன். கேட்பது இதுதான் முதல் தடவை.

மாமனார் காலமான பிறகு பழைய வீட்டைப் பிரித்துக் கட்டுவது என்று முடிவாயிற்று. அரங்குவீட்டை ஒழித்தபோது பூசை மாடத்துச் செம்புத் தட்டில் விக்டோரியா ராணி ரூபாய்கள் சிலவற்றோடு இந்தப் பதக்கமும் இருந்தது. புதிதாகக் கண்டெடுத்தது என்று சொல்ல முடியாது. நான் இந்த வீட்டில் கால்வைத்த நாளிலிருந்து பார்க்கிறேன். மாமனாரின் அம்மாவை ஆச்சி என்போம். அவர்கள் இருந்தவரை வெள்ளிக்கிழமைதோறும் திருநீறு போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுத்தான் விளக்கேற்றுவார்கள்.

ஒரு பக்கம் பட்டாளத்து உடுப்பு அணிந்த ஒரு துரையின் முகம். மறுபக்கம் ஒரு துரை நிற்கிறார். முன்னால் தலைப்பாகை கட்டிய இரண்டு சிறுவர்கள், சுற்றிலும் ஆட்கள். ஆச்சி இதை விபீஷண சரணாகதி என்பார்கள். விபீஷணன் எப்படி இரண்டு பேராக வருவான் என்று ஒருநாள் கேட்டேன். “வந்த வேலையைப் பார்” என்று பதில் வந்தது.

எழுத்துகள் ஆங்கில எழுத்துகள்தாம், ஆனால் மொழி ஆங்கிலம் அன்று. முகத்தைச் சுற்றியிருப்பதில் ‘கார்ன்வாலிஸ்’ மட்டும் தெளிவாகப் படிக்க முடிகிறது. பின்பக்கத்தின் அடியில் ‘சுல்தானோ திப்பூ’ என்று தொடங்கும் வரிகள். கடைசி வரி எம், டி, சி, சி, எக்ஸ், சி, ஐ, ஐ. குறுக்களவு 48 மில்லிமீட்டர். உச்சியில் ஒரு வளையம் பற்றவைத்திருக்கிறார்கள். விளிம்பில் ஓரிடம் நசுங்கியிருக்கிறது.

நகைக்கடை ஒன்றில் நிறுத்தேன்: 52.60 கிராம். “பழைய வெள்ளி, கழிவு போக எடைக்கு எடுத்துக்கொள்கிறோம்” என்றார்கள். கொழுந்தன் அதற்குச் சம்மதம் என்கிறார். இதற்கிடையில் எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, தரகர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, பக்கத்தில் அரிசியை வைத்தால் அரிசி நகர்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.

இது உண்மையிலேயே வெள்ளிதானா? யாருக்காக அடித்தது? திப்பு சுல்தானுக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் என்ன சம்பந்தம்? விற்பதென்றால் சட்டச் சிக்கல் ஏதும் உண்டா? தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கயத்தாற்றுக்காரன் | கயத்தாறு

அக்கா, எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு வெள்ளைக்காரன் தன் அதிகாரிகளுக்கு அடித்துக் கொடுத்த பதக்கம் இதுவாகத்தான் இருக்கும். அந்த இரண்டு சிறுவர்களும் பாளையக்காரர் வீட்டுப் பிள்ளைகள். பத்து லட்சத்துக்குக் குறைந்து பேசவே பேசாதீர்கள்.

---

பழங்காசு வாத்தியார் | பாளையங்கோட்டை

தம்பி, ஊர்ப்பாசம் நல்லதுதான். ஆனால் ஆண்டைப் பார்க்க வேண்டாமா? அந்த அம்மா எழுத்தெழுத்தாக எடுத்துக் கொடுத்திருக்கிறார். எம் ஆயிரம், டி ஐந்நூறு, இரண்டு சி சேர்ந்து இருநூறு, சிக்கு முன்னால் எக்ஸ் நின்றால் தொண்ணூறு, ஐ இரண்டு. 1792. கட்டபொம்மனை உங்கள் ஊரில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. ஏழு ஆண்டு முன்னதாகவே பதக்கத்தை அடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்களா? முப்பது ஆண்டு வரலாறு நடத்தியவன் நான். இந்த மாதிரி விடைத்தாளைப் பார்த்தால் இன்னமும் கை சிவப்பு மையைத் தேடுகிறது.

அம்மா, உங்கள் கையில் இருப்பது கார்ன்வாலிஸ் பிரபுவின் பதக்கம். 1786 முதல் 1793 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர். அதற்கு முன்னால் 1781இல் அமெரிக்காவில் யார்க்டவுனில் தன் படையோடு சரணடைந்தவரும் இவர்தான். அங்கே போன மானத்தை இங்கே மைசூர்ப் போரில் மீட்டுக்கொண்டார்.

பின்பக்கத்துக் காட்சி மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவு. 1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டு, திப்புவைப் பேச்சுக்கு இழுத்தார்கள். நாட்டில் சரிபாதி, அதோடு மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் என்பது நிபந்தனை. பணம் முழுதும் வந்து சேரும்வரை திப்புவின் பிள்ளைகள் இருவர் பிணை. அப்துல் காலிக், முயிசுத்தீன் என்ற அந்தச் சிறுவர்களைக் கார்ன்வாலிஸ் கைநீட்டி வரவேற்பதுதான் உங்கள் ஆச்சி விபீஷண சரணாகதி என்று கும்பிட்ட காட்சி. ஆச்சியைக் குறை சொல்ல மாட்டேன். சரணாகதி என்பதைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள், ஆளைத்தான் மாற்றிவிட்டார்கள்.

மொழி இலத்தீன். முகத்தைச் சுற்றி ‘காரோலுஸ் மார்க்கியோ கார்ன்வாலிஸ், ஸ்திராத்தேகுஸ் அக்கெர்ரிமுஸ்’ என்று இருக்க வேண்டும்: சார்லஸ் கார்ன்வாலிஸ் மார்க்விஸ், மிகக் கூர்மையான தளபதி. பின்பக்க மேல்விளிம்பில் ‘ஃபாஸ் சித் பார்கெரே ஹோஸ்தி’, பகைவனுக்கு இரங்குவது முறையாகுக. அடியில், திப்பு சுல்தானை வென்று பிணையாட்களைப் பெறுகிறார் என்ற வாசகமும் ஆண்டும். படித்து ஒத்துப் பாருங்கள்.

அடித்த இடம் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கத்தில் மாத்யூ போல்ட்டன் நடத்திய சோஹோ அக்கசாலை, அதாவது நாணயம் அடிக்கும் ஆலை. நீராவியால் ஓடும் அச்சு எந்திரங்களை நாணயத் தொழிலுக்குக் கொண்டுவந்த இடம். ஜேம்ஸ் வாட் போல்ட்டனின் கூட்டாளி. அச்சு வெட்டியவர் கான்ராட் ஹைன்ரிக் கூக்லர். பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் கடைசி விடைபெறுதலுக்கும், 1799 ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிக்கும் பதக்கம் வெட்டியவரும் அவரே. அந்த 1799 பதக்கத்தில் சிங்கம் புலியை அமுக்கிக்கொண்டு நிற்கும். அதனோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கல்கத்தாவில் அடித்து இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்த மைசூர்ப் பதக்கம் என்று இன்னொன்றும் உண்டு. அதில் கொடி பிடித்த சிப்பாய் இருப்பான். கூக்லர் சோஹோவுக்கு வந்ததே 1793இல். ஆகையால் 1792 என்பது நிகழ்ச்சியின் ஆண்டு, அடித்த ஆண்டு அதற்குப் பிந்தியது. அவருடைய பெயரோ முதலெழுத்துகளோ எங்காவது பொடியாக இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள்.

இந்தப் பதக்கம் வெண்கலத்தில்தான் அதிகம் வெளியே வருகிறது. வெள்ளி அபூர்வம்.

இனி நீங்கள் கேட்ட கேள்விகளில் எனக்குப் பிடித்ததற்கு வருகிறேன்: கல்லிடைக்குறிச்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பின்பக்கத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் இல்லை. முன்பக்கத்து முகத்துக்கு நிறைய உண்டு. பிள்ளைகளை வாங்கிக்கொண்ட அதே 1792இல் இந்த மனிதர் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியுடன் ஓர் உடன்படிக்கை செய்தார். பாளையக்காரர்கள் நவாபுக்குக் கட்டவேண்டிய பேஷ்குஷ் என்ற கப்பத்தை அன்றிலிருந்து கம்பெனியே வசூலிக்கும் என்றது அது. நவாப் பட்ட கடன், வட்டி, படைச்செலவு எல்லாம் சேர்ந்து கடைசியில் நெல்லைச் சீமையின் வசூல் உரிமையாகக் கம்பெனியின் கைக்கு வந்தது. பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை, சிவகிரி என்று எல்லாப் பாளையங்களும் ஒரே கையெழுத்தில் கம்பெனிக்குக் கடன்காரர்கள் ஆயின. நவாபின் ஆட்கள் கேட்டால் பேரம் பேசலாம், தள்ளிப்போடலாம், மழை இல்லை என்று சொல்லலாம். கம்பெனியின் கலெக்டரிடம் பேரேடு இருந்தது, பேரேட்டுக்குப் பின்னால் படை இருந்தது. நிலுவை கேட்டு 1798இல் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை ஊர் ஊராக அலையவிட்டு இராமநாதபுரத்தில் சந்தித்ததும், மறு ஆண்டு மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்ததும் அந்தக் கையெழுத்திலிருந்து கிளம்பியவை. அப்போது கார்ன்வாலிஸ் ஊருக்குப் போய் ஆறு ஆண்டு ஆகிவிட்டது. சென்னையில் எட்வர்ட் கிளைவ் கவர்னர், கல்கத்தாவில் வெல்லெஸ்லி.

ஆகவே பகைவனுக்கு இரங்குவது முறை என்று பொறித்த பதக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு மைசூர்ப் பிள்ளைகள் நினைவுக்கு வருவதில்லை. அவர்களையாவது 1794இல் அப்பாவிடம் திருப்பி அனுப்பினார்கள். (1799க்குப் பிறகு திப்புவின் பிள்ளைகளை வேலூர்க் கோட்டையில் வைத்ததும், 1806 கலகத்துக்குப் பின் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனதும் தனிக் கதை.) நம் பக்கத்தில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் தப்பி, இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பி, மே மாதம்வரை தாக்குப்பிடித்தார். இரக்கம் என்ற பேச்சே அங்கே எழவில்லை. பிடித்துத் தூக்கிலிட்டார்கள். இதையெல்லாம் பதக்கத்தின் மேல் ஏற்றுவது நியாயமா என்று கேட்டால், நியாயந்தான் என்பேன். புகழுக்காக அடித்த பொருள் எதைச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சென்னைக்குப் போனால் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய கார்ன்வாலிஸ் சிலை நிற்கிறது. பீடத்தில் இதே காட்சி புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. பதக்கத்தின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஒரே செய்தியை அவர்கள் எத்தனை இடத்தில் பதித்து வைத்தார்கள் என்பது விளங்கும்.

தயவுசெய்து திருநீற்றை நிறுத்துங்கள். புளி, சாம்பல், பற்பசை, கடையில் விற்கும் மெருகுத் திரவம், எதுவும் வேண்டாம். ஆச்சியின் பக்தி பெரிதுதான். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் தேய்த்த தேய்ப்பில் துரையின் மூக்கும் பொத்தான்களும் எந்த அளவுக்கு மழுங்கியிருக்கும் என்று படம் பார்க்காமலே எனக்குத் தெரிகிறது. வெள்ளியின் மேல் படியும் கறுப்பு அழுக்கு அன்று. காற்றிலுள்ள கந்தகம் சேர்ந்து உண்டாகும் மெல்லிய படலம் அது. விட்டுவைத்தால் அடியிலிருக்கும் உலோகத்துக்கே காவல். தேய்த்தால் படலத்தோடு ஒரு சுற்று வெள்ளியும் போய், மயிரிழைக் கீறல்கள் மிஞ்சும். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கீறல்களைத்தான்.

அரிசி சொன்ன தரகரைப் பற்றி ஒரே வரி: அரிசியை இழுக்கும் உலோகம் என்பது ஏமாற்று வேலை. அரிசி நகராது, உங்கள் வீட்டுப் பணந்தான் நகரும். அந்த எண்ணை மறுபடி எடுக்காதீர்கள்.

விலையைப் பற்றி நான் பேசுவதில்லை. பத்து லட்சம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வது எளிது. வளையம் பற்றவைத்தது, நசுங்கல், தேய்மானம் மூன்றும் மதிப்பைக் குறைக்கும். வெள்ளி என்பது கூட்டும். நேரில் பார்க்காமல் எவன் தொகை சொன்னாலும் நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து.

---

உரைகல் | திருநெல்வேலி டவுன்

வாத்தியார் அண்ணாச்சி வரலாற்றைச் சொல்லிவிட்டார். எங்களுடையது தலைமுறை தலைமுறையாக நகைவேலை செய்யும் குடும்பம். வெள்ளியா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

தங்கச்சி, யாராவது உரைகல்லில் உரசிப் பார்க்கிறேன், அமிலம் விட்டுப் பார்க்கிறேன் என்றால் கொடுக்காதீர்கள். (என் புனைபெயரை வைத்து என்னைக் கேலி செய்ய வேண்டாம்.) உரசிய இடம் உரசியதுதான். முலாம் பூசியதா என்று பார்க்க அரம் போடுகிறவர்களும் உண்டு. பக்கத்திலேயே விடாதீர்கள்.

தண்ணீரில் நிறுத்தால் போதும். இரண்டு தசமம் காட்டும் எலக்ட்ரானிக் தராசு எந்த நகைக்கடையிலும் இருக்கும். ஒரு கண்ணாடிக் குவளையில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, தராசைப் பூஜ்யமாக்குங்கள். பதக்கத்தின் வளையத்தில் மெல்லிய நூலைக் கட்டி, முழுதும் மூழ்கும்படி தண்ணீருக்குள் இறக்குங்கள். அடியிலும் பக்கத்திலும் தொடக்கூடாது. கையில் தொங்கியபடியே இருக்க வேண்டும். காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் லேசாக ஆட்டி விடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் 52.60ஐ வகுங்கள். சுத்த வெள்ளியானால் 10.49 வரும். ஆயிரத்துக்கு 925 தரமானால் 10.36 அளவில் நிற்கும். வெண்கலத்தின் மேல் வெள்ளி முலாம் என்றால் 9ஐத் தாண்டாது. வெள்ளீயம் என்றால் 7.3 சுற்றி வரும். வேறு விதமாகச் சொன்னால், தராசு ஐந்து கிராமைச் சுற்றிக் காட்டினால் வெள்ளி, ஆறை நெருங்கினால் வெண்கலம், ஏழைத் தாண்டினால் வெள்ளீயம்.

அடுத்து வளையம். நம் பக்கத்தில் எந்தக் காசானாலும், கழுத்தில் போடலாம் என்று தோன்றிவிட்டால் காது வைத்துவிடுவார்கள். காசுமாலைக்குக் காது வைப்பது எங்கள் தாத்தா காலத்தில் அன்றாட வேலை. வெண்காரம் தடவி, பற்றாசு வைத்து, குமிட்டி அடுப்பில் ஊதுகுழலால் ஊதிப் பற்றவைப்பார்கள். அந்தப் பொட்டு மட்டும் கொஞ்சம் மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ தெரியும். பற்றாசில் செம்பு, துத்தநாகம் கலந்திருப்பதால் நிறம் மாறும். உங்கள் வளையத்தின் அடிப்பாகத்தைக் கிட்டப் படம் எடுத்துப் போட்டால் பழைய வேலையா, பிற்காலத்து ஈயப்பற்றா என்று சொல்லிவிடலாம்.

வளையத்தை எடுத்துவிட்டால் விலை கூடும் என்று எவராவது சொல்வார்கள். எடுக்க மறுபடி சூடு காட்ட வேண்டும், பிறகு அரம், பிறகு மெருகு. முடிவில் வளையமும் இருக்காது, பழமையும் இருக்காது. நசுங்கலைத் தட்டி நிமிர்த்துவதும் அப்படித்தான். நான் செய்யமாட்டேன், என் பையனையும் செய்யவிடமாட்டேன்.

---

கல்லிடை மருமகள்

சார்வாள், அண்ணாச்சி, இருவருக்கும் நன்றி. வாசகங்களை ஒத்துப் பார்த்தேன், எழுத்துக்கு எழுத்து இருக்கிறது. பின்பக்கத்து மேல்விளிம்பில் மட்டும் இரண்டு எழுத்து மழுங்கியிருக்கிறது. ஆச்சியின் கைங்கரியம்.

தண்ணீரில் நிறுத்தாயிற்று. நகைக்கடையில் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! தராசு 5.05 காட்டியது. வகுத்தால் 10.42 வருகிறது. வளையத்தின் அடி கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருக்கிறது.

கொழுந்தனுக்கு இந்தப் பக்கத்தை அப்படியே காட்டினேன். உருக்கும் பேச்சு நின்றுவிட்டது. இப்போது விற்றுப் பங்கு போடலாமா, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாமா என்ற பேச்சில் இருக்கிறது. என் விருப்பம் இரண்டாவது.

இன்னொன்று. ஆச்சி ஒரு கதை சொல்வார்கள். குடும்பத்தில் அந்தக் காலத்துப் பெரியவர் ஒருவர் கம்பெனிக் கச்சேரியில் (அலுவலகத்தில்) சம்பிரதியாக, அதாவது கணக்கராக இருந்தாராம். ‘லசிந்தன் துரை’ அவருடைய கணக்கைப் பார்த்து மெச்சி இதைக் கொடுத்தாராம். அப்படி ஒரு துரை இருந்தாரா, இல்லை விபீஷணன் போலத்தானா?

---

வக்கீல் குமாஸ்தா | அம்பாசமுத்திரம்

சட்டப் பகுதிக்கு மட்டும் என் பதில்.

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், மண்ணுக்குள்ளோ மண்ணோடு சேர்ந்த கட்டுமானத்துக்குள்ளோ மறைந்திருந்து கிடைக்கும் பொருளுக்கு உரியது. மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பூசை மாடத்தில் எல்லோரும் பார்க்க இருந்த குடும்பச் சொத்துக்கு இது பொருந்தாது. ஆனால் வீட்டைப் பிரிக்கப் போவதாகச் சொல்கிறீர்கள். சுவருக்குள்ளிருந்தோ தளத்துக்கு அடியிலிருந்தோ கலயம், காசு என்று ஏதாவது வந்தால் அது வேறு கணக்கு. வேலையாட்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த பொருள் தொல்பொருள். அதை வெளிநாட்டுக்குத் தனியார் அனுப்ப முடியாது. ஆகவே லண்டன் ஏலம், இணையத்தில் வெளிநாட்டார் கேட்கும் விலை இவற்றையெல்லாம் மறந்துவிடுங்கள். உள்நாட்டில் விற்றால் உரிமம் பெற்ற வியாபாரியிடம் ரசீதோடு விற்பது நல்லது. பொதுவாக வைத்துக்கொள்வதானால் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திட்டு, படத்தையும் எடையையும் குறித்து ஒரு காகிதம் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பிக்குள் எதற்கு என்று தோன்றும். அடுத்த தலைமுறை நீதிமன்றத்துக்கு வரும்போது அந்தத் தோற்றம் இருக்காது.

---

பழங்காசு வாத்தியார்

10.42 என்றால் உரைகல் அண்ணாச்சி சொன்ன எல்லைக்குள் நிற்கிறது. நல்லது. வெள்ளி என்பதனாலேயே அசல் என்று ஆகிவிடாது. வெள்ளியிலும் வார்ப்புப் போலி செய்யலாம். வார்த்தது என்றால் உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால் குறுக்களவு 48க்குக் கொஞ்சம் குறையும். பரப்பில் ஊசிக்குத்துப் போன்ற குழிகள் இருக்கும். விளிம்பைச் சுற்றி ஓர் இணைப்புக் கோடு ஓடும், அல்லது அந்தக் கோட்டை அரத்தால் எடுத்த தடம் ஓடும். உங்களுடையது அளவில் சரியாக இருக்கிறது. வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில் விளிம்பை நான்கு பக்கமும் படம் எடுத்துப் போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு, முடிந்தால் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்திலும் ஒருமுறை நேரில் காட்டலாம்.

லசிந்தன் துரை விபீஷணன் அல்லர், நிஜமான ஆள். ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன். கட்டபொம்மன் காலத்தில் ஜாக்சனுக்குப் பின் பாளையக்காரர் பேஷ்குஷ் வசூலுக்கு வந்த கலெக்டர். பிற்பாடு 1827 முதல் 1832 வரை சென்னை மாகாணத்துக்கே கவர்னராக இருந்தார். நம் சீமையில் கப்பம் வசூலித்த கலெக்டர் ஒருவர் கவர்னர் நாற்காலிவரை போனார் என்பது நம் பிள்ளைகளுக்குப் பாடத்தில் வருவதில்லை.

அந்தப் பெயர் ஆச்சியின் வாயில் இத்தனை தலைமுறை தாண்டி நின்றது பெரிய செய்தி. சம்பிரதி வேலை பார்த்த குடும்பம் என்றால் துரையின் பெயர் வீட்டில் புழங்குவதும் இயல்பு. ஆனால் அவர் கையால் இந்தப் பதக்கம் வந்தது என்பதற்குக் காகிதம் வேண்டும். கதை பதக்கத்தோடு வந்ததா, பதக்கம் வந்த பிறகு கதை வந்து ஒட்டிக்கொண்டதா என்பதை ஆச்சியாலும் சொல்லியிருக்க முடியாது. அரங்குவீட்டில் ஓலைக்கட்டு, முத்திரைத்தாள், பழைய கணக்குச் சுவடி ஏதாவது இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பழைய வீடு பிரிக்கும்போது வெள்ளியை எல்லோரும் பத்திரப்படுத்துகிறார்கள், காகிதத்தைத் தீயில் போடுகிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். பெரியவரின் பெயர் தெரிந்தால், எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் திருநெல்வேலி மாவட்டப் பதிவேடுகள் இருக்கின்றன. கச்சேரி ஊழியர் பெயர்கள் அங்கே அகப்படலாம்.

பாதுகாப்புக்கு: பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். பி.வி.சி. உறை, செய்தித்தாள், கம்பளி, ரப்பர் வளையம் நான்கும் ஆகாது. ரப்பரில் கந்தகம் இருப்பதால் சுற்றிய இடத்தில் கறுப்புக் கோடு விழும். பி.வி.சி. நாளடைவில் பச்சைப் பிசுக்காகக் கசியும். பூசை மாடத்துக் கற்பூரப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படாத இடமாகப் பார்த்து வையுங்கள். எடுக்கும்போது விளிம்பைப் பிடியுங்கள்.

---

கயத்தாற்றுக்காரன்

வாத்தியார் அண்ணாச்சி, சிவப்பு மை போட்டது போதும். 1792 கணக்கு எனக்குப் பிடித்தது. கயத்தாற்றுக்கு வேர் அங்கே இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

என்னிடமும் ஒன்று இருக்கிறது. பெரிய செம்புக் காசு. ஒரு பக்கம் இரண்டு சிங்கம் கேடயம் பிடித்துக்கொண்டு நிற்கிறது, 1808 என்று போட்டிருக்கிறது. மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே இரண்டு எக்ஸ் போட்டு காஷ் என்று இருக்கிறது. கம்பெனி காலத்து அபூர்வக் காசு என்று சொல்லி ஒருவர் சந்தையில் கொடுத்தார். இதுவும் அந்த சோஹோ சரக்கா?

---

பழங்காசு வாத்தியார்

அதே சரக்குத்தான் தம்பி. சென்னை மாகாணத்துக்காக சோஹோவில் அடித்த இருபது காசு. 1803இலும் 1808இலும் கப்பல் கப்பலாக வந்தது. கூக்லரின் பதக்கம் துரைமார் மேசைக்கு, இது நம் சந்தைக்கு. இரண்டும் ஒரே அக்கசாலை.

அபூர்வம் மட்டும் இல்லை. 1808 காசை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு விலகுமுன்பே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் அந்தச் சரக்கை மூட்டை மூட்டையாக மேலே எடுத்தார்கள். இன்று உலகம் முழுதும் விற்பனைக்குக் கிடப்பவற்றில் பல அந்தக் கடலடிக் காசுகள். நல்ல கூர்மையோடு, பரப்பில் உப்பு அரித்த புள்ளிகளோடு இருந்தால் உங்களுடையது இந்தியாவைப் பார்க்காமலே மூழ்கி எழுந்தது. சிங்கத்தின் பிடரி வழவழவென்று தேய்ந்திருந்தால் இங்கே வந்து கைமாறிய காசு. விலைக்கு முன்னது மேல், எனக்குப் பின்னது மேல்.

இரண்டு பக்கமும் படம் எடுத்துத் தனித் தலைப்பில் போடுங்கள். பக்கத்தில் அளவுகோல் வையுங்கள், தீப்பெட்டி வேண்டாம்.